ஆக்கியோள் பெயர்

அடக்கத்தைப் பற்றிப் பேச வரும்போதெல்லாம் நம்மவர்கள் நன்னூலைப் பாதியோடு மூடிவிடுகிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய அந்த இலக்கணத்தின் பாயிரப் பகுதியை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். இதுவரை இல்லாததைப் படைத்தவரே ஆனாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்ற விதி எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அவர் செய்துவைத்திருக்கும் ஏற்பாட்டைத்தான் யாரும் பேசுவதில்லை. நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டும். அதில் முதலில் வர வேண்டியது ஆக்கியோன் பெயர். அதைச் சொல்ல வேண்டியவர்கள் அவருடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், உரைகாரர். நீ வாய் திறக்காதே, உனக்காக நாங்கள் திறக்கிறோம் என்கிற ஒப்பந்தம் அது. மற்றவர்கள் தங்கள் பாதியை நிறைவேற்றாதபோது என் பாதி மட்டும் என்னைக் கட்டுப்படுத்துமா?

இந்தக் கேள்வி ஏட்டிலிருந்து வந்ததல்ல. வலங்கைமானைச் சுற்றியுள்ள ஊர்களில் எங்கள் மாணவிகள் நடவுப்பாட்டும் ஒப்பாரியும் சேகரிக்கிறார்கள். (வலங்கைமான் என்றால் 1869இல் அங்கே பிறந்த 'வெள்ளி நாக்கு' சீனிவாச சாஸ்திரியார் நினைவுக்கு வருவார். வயலில் பாடுகிற நாக்குகள் எந்த உலோகமோ, யாரும் சொன்னதில்லை.) இத்தகைய தொகுப்புகளில் அட்டையில் முனைவர் பெயர் இருக்கும், பாடியவள் கடைசிப் பக்கப் பட்டியலில் 'தகவலாளி' ஆகியிருப்பாள். பாட்டின் தலைப்பிலேயே 'பாடியவர்' என்று அவள் பெயர், ஊர், யாரிடம் கற்றாள் என்பது வர வேண்டும் என்று ஒரு படிவம் தயாரித்து, துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துக் கல்லூரிக் கூட்டத்தில் அவர் எழுந்து, "நான் ஒரு புது முறையை யோசித்திருக்கிறேன்" என்றார். பெயரை மீட்பதற்கான யோசனையிலேயே பெயர் போயிற்று. எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது.

வெளியே வந்ததும் சக ஆசிரியர் ஒருவர், "விடுங்க மேடம், யார் சொன்னா என்ன, நல்லது நடந்தா சரி" என்றார். இந்தச் சமாதானத்தை லேசாகத் தள்ள முடியாது. யோசனை எதுவும் ஒருத்தியின் தனிச் சொத்தல்ல. என்னுடையதும் பலரிடம் படித்ததில் விளைந்ததே. ஆனால் பலர் கைபட்டது என்பது ஒருவர் மட்டும் கையெழுத்துப் போடுவதற்கு நியாயம் ஆகாது. யார் சொன்னால் என்ன என்ற தத்துவத்தை, சொன்னதாகப் பெயர் வாங்கியவரிடம் போய் யாரும் ஓதுவதில்லை. பதவி உயர்வுக்குப் புள்ளி போடும்போதும் அந்தத் தத்துவம் காணாமல் போய்விடுகிறது.

நல்லதாவது நடந்ததா? படிவம் அச்சாகி வந்தபோது 'பாடியவர்' மறுபடி 'தகவலாளி' ஆகிக் கடைசி வரிக்குப் போயிருந்தார். யாரிடம் கற்றார் என்ற கட்டமே இல்லை. எடுத்துக்கொண்டவருக்கு அது எதற்காக என்று தெரியவில்லை. தெரிந்தவளைக் கேட்கவும் வழியில்லை, கேட்டால் யாருடையது என்பது வெளிப்பட்டுவிடும்.

தஞ்சாவூரில் இது பழைய கதை. 18ஆம் நூற்றாண்டில் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் அவையில் இருந்த முத்துப்பழனி, தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனம்' இயற்றினாள். முன்னுரையில் தன் மரபைப் பாட்டி, தாய் என்று பெண்வழியாகச் சொன்னாள். 1887இல் அதைப் பதிப்பித்த வேங்கடநரசு, சில பாடல்களோடு அந்த முன்னுரையையும் நீக்கினார். 'ஆபாசம்' என்று பாடல்களை வெட்டியதற்காவது ஒரு சாக்கு உண்டு. பாட்டி பெயரில் என்ன ஆபாசம்?

அதைத் தேடிப் பிடித்து முழுதாக 1910இல் வெளியிட்டவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அடுத்த ஆண்டே ஆங்கில அரசு தடைசெய்தது. நன்னூல் சொன்ன உரைகாரரின் கடமையை, ஒன்றரை நூற்றாண்டு தள்ளி இன்னொரு பெண் செய்தாள். பிறகு அதே நாகரத்தினம்மாள் திருவையாற்றில் தன் சம்பாத்தியத்தைப் போட்டுத் தியாகராஜருக்கு நினைவிடம் கட்டினார்; அங்கே நடந்த ஆராதனையில் பெண்கள் பாட ஆண்கள் விடவில்லை. அவர் 1927இல் பெண்களுக்கென்று தனியே ஆராதனை நடத்தினார்.

நன்னூலிலும் மீதி இருக்கிறது. தற்புகழ்ச்சி குற்றமாகாத நான்கு இடங்களை அது சொல்கிறது: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவரிடையே, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது. என் துறைக்கூட்டத்துக்கு இரண்டாவதும் மூன்றாவதும் பொருந்தும். ஆனால் எனக்கு அந்த விலக்குகூடத் தேவையில்லை. இதை நான் எழுதினேன் என்பது புகழ்ச்சி அல்ல, சாட்சி. வயலில் நட்டவள் நான் நட்டேன் என்று கூலி கேட்பதைத் தற்பெருமை என்போமா?

அடுத்த கூட்டத்தில் தேதியோடு என் கடிதத்தின் நகலை எல்லோருக்கும் கொடுத்து, "இந்தப் படிவம் நான் எழுதியது. 'பாடியவர்' என்று ஏன் போட்டேன் என்று சொல்கிறேன்" என்றேன். துறைத்தலைவர் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். "ஆமாமா, மேடமும் இதுல ஹெல்ப் பண்ணாங்க." சரி, என்ன உதவி என்பதைக் கால் மணி நேரம் விளக்கினேன். குறிப்பேட்டில் என் பெயரோடு பதிவாயிற்று. சொல் திரும்பி வந்தது. கற்றவர் பெயருக்கான கட்டம் இன்னும் வரவில்லை.

போன தை மாதம் ஒரு மாணவி கொண்டுவந்த படிவத்தில், பாடிய அம்மாவின் பெயருக்குப் பக்கத்து ஓரத்தில் இன்னொரு பெயர் பேனாவால் நெருக்கி எழுதியிருந்தது. கேட்டேன். "இது எங்கம்மா பாட்டு, அது பேரையும் போட்டுக்க பாப்பான்னு சொன்னாங்க மேடம், கட்டம் இல்ல, அதான்" என்றாள்.