பாடு

கோட்டைக்குப்பத்தில் பாடு என்றால் ஏரியில் வலைபோடும் இடம், அதற்கான முறை. நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பத்திலும் இதே வழக்கு: உரிமை தகப்பனிடமிருந்து மகனுக்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தந்தது 2005ன் சட்டத் திருத்தம். பாடு சொத்தல்ல, ஊர் வழக்கு.

மனைவியை இழந்த ஒருவன் அங்கே மகளைத் தனியே வளர்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சோறாக்கி, தலைபின்னி, காய்ச்சலில் கண்விழித்து. திடமாக, யாருக்கும் கூசாதவளாக வளர்கிறாள். 'ஆம்பளப்புள்ள மாதிரி வளத்தேன்' என்பான், அன்போடுதான். அந்த 'மாதிரி'யில் இருக்கிறது பிரச்னை. அவள் தைரியத்துக்கும் ஆணின் பெயரை இரவல் வாங்குகிறது அவன் அன்பு.

அவன் பட்ட பாடு அவளைச் சேரும். அவன் பாடு சேராது. வீட்டில் அவன் தந்த தன்னம்பிக்கை கரையோடு நின்றுவிடுகிறது. அவளுக்காக ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்பதும் வளர்ப்பில் சேர்த்தியா? சேர்த்தி என்றே நினைக்கிறேன்.