ஜெயிக்காதுன்னு தெரிஞ்சும் போடற ஓட்டு வீணா?

முருகா சரணம்!

ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்க அம்மா சொல்ற ஒரே அட்வைஸ்: "ஜெயிக்கிறவனுக்குப் போடுடா, ஓட்டை வீணாக்காத." உங்க வீட்டுலயும் இதைச் சொல்லியிருப்பாங்க. ரொம்ப நியாயமான பேச்சு மாதிரிதான் இருக்கு. ஆனா இரோம் ஷர்மிளாவை நினைச்சா எனக்கு இது இடிக்குது.

2000 நவம்பர்ல மணிப்பூர்ல, மாலோம்ங்கிற இடத்துல பஸ்ஸுக்காக நின்ன 10 பேர் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தை எடுக்கணும்னு ஷர்மிளா அப்போ உண்ணாவிரதம் ஆரம்பிச்சாங்க. 2016 ஆகஸ்ட் வரைக்கும், கிட்டத்தட்ட 16 வருஷம். கைது பண்ணி, ஆஸ்பத்திரியில மூக்கு வழியா குழாய் வெச்சுத்தான் உயிரோட வெச்சிருந்தாங்க. விரதத்தை முடிச்சிட்டு சட்டசபைத் தேர்தல்ல நின்னாங்க. அதுவும் சாதாரண தொகுதி இல்ல, முதலமைச்சர் இபோபி சிங்கோட தௌபால் தொகுதி.

2017 மார்ச்ல ரிசல்ட். இபோபி சிங்குக்கு 18,649 ஓட்டு. ஷர்மிளாவுக்கு 90.

நோட்டாவுக்கே 143 ஓட்டு விழுந்துச்சு. இந்த இடத்துல நான் கொஞ்ச நேரம் நின்னுட்டேன். அவங்க தியாகத்தைப் பாராட்டிப் பேசினவங்க எத்தனை ஆயிரம் பேர் இருப்பாங்க! பட்டனை அழுத்துற நேரத்துல எல்லாருக்கும் எங்க அம்மா சொன்ன அதே கணக்கு ஞாபகம் வந்திருக்கும் போல.

நான் சாஃப்ட்வேர்காரன், அதனால கணக்காவே பேசறேன். அந்தத் தொகுதியில வித்தியாசம் பத்தாயிரத்துக்கும் மேல. அப்போ இபோபிக்குப் போட்டவங்கள்ல பத்தாயிரம் பேர் வீட்டுலயே தூங்கியிருந்தாலும் அவர்தான் ஜெயிச்சிருப்பார். ரிசல்ட்டை மாத்தாத ஓட்டு வீண்னா, அந்தப் பத்தாயிரமும் வீண்தான். 90ஐ மட்டும் வீண்னு சொல்றது என்ன லாஜிக்? ஆனா ஒண்ணு, ரெண்டு பேருக்கு நடுவுல இழுபறியா இருக்கிற தொகுதியில, மூணாவது ஆளுக்குப் போடற ஓட்டு மோசமானவரைக் கொண்டுவந்து உட்கார வெச்சிடலாம். அந்தப் பயம் நியாயம்தான். அங்க யோசிச்சுத்தான் போடணும்.

தோக்கறதுலயே சாதனை பண்ணினவர் நம்ம மாநிலத்துலயே இருக்கார். மேட்டூர் கே. பத்மராஜன், டயர் ரிப்பேர் கடைக்காரர். 1988ல இருந்து 200 தேர்தலுக்கு மேல நின்னிருக்கார். ஒண்ணுலகூட ஜெயிக்கல. 2011ல மேட்டூர் தொகுதியில வாங்கின 6,273தான் அவரோட அதிகபட்சம். சாமானியனும் நிக்கலாம்னு காட்டறதுக்காக நிக்கிறேன்னு சொல்வார். மதிக்கிறேன். ஆனா மனசு முழுசா ஒட்டல. ஜெயிக்கணும்னு ஆசையே இல்லாம ஒருத்தர் நின்னா, அவரை நம்பி ஓட்டு போட்டவனோட குறை என்ன ஆகும்?

இங்கதான் எனக்கு நம்ம முருகன் ஞாபகம் வர்றார். மாம்பழப் போட்டியில தோத்தவர்தானே அவர்! அண்ணன் அம்மா அப்பாவை ஒரு சுத்து சுத்தி முடிச்சுட்டார். இவர் நிஜமாவே மயில்ல ஏறி உலகத்தையே சுத்திட்டு வந்தார். தோத்ததும் "பரவாயில்ல, கலந்துக்கிட்டதே சந்தோஷம்"னு சிரிச்சாரா? கோவிச்சுக்கிட்டு எல்லாத்தையும் விட்டுட்டு, கோவணத்தோட பழனி மலையில போய் நின்னார். அந்தக் கோபத்தை நாம குழந்தைத்தனம்னு சொல்லிக் கடந்துடறோம். எனக்கு அது வேற மாதிரி படுது. பழம் வேணும்னு உண்மையா ஆசைப்பட்டவருக்குத்தான் அந்தக் கோபம் வரும்.

இதெல்லாம் இப்போ ஏன் யோசிக்கிறேன்னா, எங்க திருவண்ணாமலையில, எங்க தெருவுக்கு வாட்டர் கேன் போடற அண்ணன் சட்டசபைத் தேர்தல்ல சுயேச்சையா நிக்கணும்னு இருக்கார். மழை பெஞ்சா சாக்கடைத் தண்ணி வீட்டுக்குள்ள வர்ற தெருக்கள் எங்க ஊர்ல நிறைய. எந்த வீட்டுல எத்தனை படி முங்கும்னு அவருக்கு அத்துப்படி. பெரிய கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய ஒரு ஆள் போதும். சுயேச்சைக்கு அந்தத் தொகுதி வாக்காளர்கள் 10 பேர் கையெழுத்து வேணும். அதுல ஒண்ணு என்கிட்ட கேட்டார்.

டெபாசிட் 10,000 ரூபாய். பதிவான செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கலைன்னா திரும்ப வராது. எனக்கு அது ஒரு வீக்எண்ட் ட்ரிப் செலவு. அவருக்கு எத்தனை கேன் மாடி ஏத்தணும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. போகப்போற பணம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே கையெழுத்துப் போடறது உதவியா, துரோகமா? நல்ல மனசோட ஒருத்தரை நஷ்டத்துல தள்ளிவிடறதுல நமக்கும் பங்கு இல்லையா? ரெண்டு நாள் இதையே யோசிச்சிட்டு இருந்தேன். பௌர்ணமிக்கு கிரிவலம் போனப்பவும், 14 கிலோமீட்டரும் இதே ஓட்டம்தான். வேண்டுதல் எதுவும் வாய்ல வரல.

மறுநாள் காலையில கேன் இறக்கினப்போ சொல்லிட்டேன். "கையெழுத்துப் போடறேண்ணா. ஆனா பேருக்கு நிக்காதீங்க. வீடு வீடா போய்க் கேளுங்க, ஜெயிக்கணும்னு நினைச்சு நில்லுங்க."

அவர் காலி கேனைத் தோள்ல போட்டுக்கிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பின்ன, தோக்கறதுக்கா தம்பி பத்தாயிரம் கட்டப்போறேன்?"

வேலும் மயிலும் துணை.