கட்டம் போட்ட துணியை எடு, தங்கச்சி!

விடியக்காலம் ஜீப் புறப்படுகிற நேரத்துக்குக் கூடலூர் மெயின் ரோட்டில் ஒரு நாள் வந்து நில், தங்கச்சி. மலை ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற நம் பெண்களை ஏற இறங்கப் பார். பூப்போட்ட சேலை. அதன்மேல் வீட்டுக்காரருடைய கோடு போட்ட முழுக்கைச் சட்டை. தலையில் பழைய கைலியைக் கிழித்துக் கட்டிய கட்டம். இடுப்பில் உரச்சாக்கு, அதில் கம்பெனி எழுத்து பாதி தெரியும். பூ, கோடு, கட்டம், எழுத்து, நாலும் ஒரே உடம்பில்! குளிருக்கும் அட்டைக்கும் பயந்து போட்டுக்கொண்டதுதான். ஆனால் ஜீப் விளக்கு வெளிச்சத்தில் அவர்கள் நிற்கிற நிமிர்வு எந்த ஜவுளிக்கடை பொம்மைக்கும் வராது.

அவர்களில் ஓர் அக்காவே தீபாவளிக்கு உன்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது என்ன சொல்கிறார்? "மேட்சிங் ஒரு நூல்கூட மாறக் கூடாதும்மா." நீயும் தலையாட்டுகிறாய். கம்பத்துக்குப் பஸ் ஏறிப் போய், கடை கடையாகச் சேலை முந்தானையை விரித்துக் காட்டி, ரோஸிலேயே பத்து ரோஸ் புரட்டி, தலைவலியோடு திரும்புகிறாய். மேட்சிங்கை ரசனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதிக்கு மேல் அது பயம். யாரும் ஒன்றும் சொல்லிவிடக் கூடாதே என்கிற பயம்.

உன் மிஷினுக்கு அடியில் வெட்டுத்துணி மூட்டையில் ஒரு கட்டம் போட்ட துண்டு கிடக்குமே, அதன் பரம்பரை தெரியுமா உனக்கு? சென்னையைச் சுற்றிய தறிகளில் நெய்து, 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்ற பெயரில் கப்பலேறி, மேற்கு ஆப்பிரிக்காவரை போன வம்சம் அது. நைஜீரியாவில் இக்போ மக்கள் உடுத்தும் ஒரு வகைத் துணிக்கு 'ஜார்ஜ்' என்று பெயர். நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் என்பார்கள். நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் களபாரி மக்களோ நம் கட்டத் துணியை 'இன்ஜிரி' என்கிறார்கள். குழந்தையைச் சுற்றவும் அதுதான், இறந்தவரைக் கிடத்தும் கட்டிலை அலங்கரிக்கவும் அதுதான்.

அந்தக் களபாரிப் பெண் அந்தத் துணியை என்ன செய்கிறாள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகக் கேள். துணியை மடியில் விரிக்கிறாள். ஊசிமுனையால் ஓர் இழையை நெம்பி எடுக்கிறாள். பிளேடால் அதை வெட்டுகிறாள். சற்றுத் தள்ளி இன்னோர் இடத்தில் வெட்டி, நடுவில் உள்ள இழையை உருவி எறிகிறாள். மறுபடி நெம்பல், மறுபடி வெட்டு. பெரும்பாலும் வெளிர் நிற இழைகளாகப் பார்த்து எடுக்கிறாள். துணி சல்லடைபோல் லேசாகிறது. நெசவாளி போட்ட கட்டம் மறைந்து, அவள் நினைத்த கோலம் மேலே வருகிறது. 'பெலெடே பிடே' என்று அதற்குப் பெயர், வெட்டிய இழைத் துணி என்று அர்த்தம். காசு கொடுத்து வாங்கிய புதுத்துணியைப் பிளேடு போட்டு வெட்டினால் நம் வீட்டில் என்ன பேச்சு கிளம்பும்! அவள் கை வைத்த பிறகு அது சென்னைத் துணி இல்லை, தங்கச்சி. களபாரித் துணி. கடல் தாண்டி வந்ததை இரண்டே விரலால் தன் ஊர்ச் சொத்தாக மாற்றிவிட்டாள். அந்தத் துணியை நெய்தவர்களின் ஊர்க்காரி நீ. உனக்கு மட்டும் கை நடுங்குவானேன்?

இன்னொன்று கேள். 1786-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் ஸ்பெயின்காரர் கையில் இருந்தது. கவர்னர் மிரோ ஓர் ஆணை போட்டார்: ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் அலங்காரத் தலையோடு நடமாடக் கூடாது, துணியால் கூந்தலை மூட வேண்டும். அடக்கி வைக்கப் போட்ட சட்டம். அந்தப் பெண்கள் மூடினார்கள்! பளீரென்ற வண்ணத்தில், மெட்ராஸ் கட்டத்தில், அடுக்கி முடிச்சிட்டு, கோபுரம்போல் உயர்த்திக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். மூடச் சொன்ன துணியே ஊர் பார்க்கிற கிரீடமாகிவிட்டது. கரீபியத் தீவுகளான மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் அதே மெட்ராஸ் தலைக்கட்டின் நுனிகள் பேசவே ஆரம்பித்தன. ஒரு நுனி நின்றால் மனசு காலி, இரண்டென்றால் வாக்குக் கொடுத்தாயிற்று, மூன்றென்றால் கல்யாணமாயிற்று. நான்கு? கல்யாணமாயிற்று, இருந்தாலும் இடமுண்டு! (இந்த நாலாவதை நம் ஊரில் பரப்ப வேண்டாம், ஜீப்பில் சண்டை வரும்.)

குறை என்று நீ ஒதுக்குவதையும் கொஞ்சம் மறுபடி பார். இன்றைக்கு ஆப்பிரிக்கத் துணி என்று உலகமே கொண்டாடுகிற மெழுகு அச்சுத் துணியின் பூர்வீகம், மெழுகிட்டுச் சாயம் ஏற்றும் ஜாவா பாத்திக். அதை மிஷினில் அச்சடித்து விற்கக் கிளம்பியவர்கள் டச்சுக்காரர்கள். 1846-ல் தொடங்கிய ஃப்ளிஸ்கோ கம்பெனி இன்றும் இருக்கிறது. மிஷினில் மெழுகு விரிசல் விட்டது, விரிசலில் சாயம் இறங்கி நரம்பு நரம்பாய்க் கோடு விழுந்தது. ஜாவாவில் அதற்கு மவுசு இல்லை. மேற்கு ஆப்பிரிக்கப் பெண்களோ அந்த நரம்புக்காகவே வாங்கினார்கள். அச்சடித்தது ஐரோப்பியத் தொழிற்சாலை, அச்சுக்குப் பெயர் வைத்தது சந்தையில் உட்கார்ந்திருந்த பெண்கள். கூண்டிலிருந்து பறவை பறக்கிற ஓர் அச்சுக்கு 'நீ வெளியே போனால் நானும் போவேன்' என்று பெயர். புருஷனுக்குச் சொல்ல வேண்டியதைத் துணியே சொல்லிவிடும். தோகோ நாட்டின் லோமே நகரில் இந்தத் துணியை மொத்தமாய் எடுத்து விற்ற பெண்கள் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் வந்து இறங்கினார்கள், 'நானா பென்ஸ்' என்றே பெயராகிவிட்டது. 1994-ல் அவர்கள் நாணயத்தின் மதிப்பு பாதியாய்ச் சரிந்தது, மலிவு நகல் துணிகளும் வந்து குவிந்தன; அந்த வியாபாரம் ஆட்டம் கண்டது. அதையும் சேர்த்தே சொல்கிறேன், உனக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

என் கதை இதைவிடக் கேவலம். இருபத்திரண்டு வயசில் ஒரு மஞ்சள் ஜாக்கெட்டை வெட்டும்போது கணக்குத் தப்பி, கைக்குத் துணி போதவில்லை. ராத்திரி யோசித்து, நீலக் கட்டம் போட்ட கைலித் துண்டில் கையை வைத்துத் தைத்தேன். கழுத்தோரத்துக்கும் அதிலேயே பைப்பிங் கொடுத்தேன். கண்ணாடி முன்னால் பிடித்துப் பார்த்தபோது எனக்கே உள்ளுக்குள் ஜிவ்வென்று இருந்தது. மறுநாள் வாங்க வந்தவர் அதை என் முகத்தில் எறியாத குறை. துணிக்காசைக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஜாக்கெட்டை டிரங்குப் பெட்டிக்கு அடியில் ஒளித்தேன். பதினோரு வருஷம் கழித்து என் மகள் பெட்டியைக் கிளறி எடுத்துக் கேட்டாள்: "ஏம்மா, இது எந்த ஆன்லைன்ல வாங்குனது?" அந்தப் பதினோரு வருஷத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்கு அந்த வேலை வேண்டாம்.

துணிச்சல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவது என்று எடுத்துக்கொள்ளாதே. மூட்டையை அவிழ்த்ததும் முதல் வேலை, எல்லாவற்றையும் நனைத்துக் காயவை. பருத்தி சுருங்கட்டும், தைத்த பிறகு சுருங்கினால் தையல் இழுத்துக்கொள்ளும். வெள்ளைத் துணியை ஈரமாக்கி ஒவ்வொன்றிலும் தேய்த்துப் பார், சாயம் ஒட்டினால் அதை வெளிர் துணியோடு சேர்க்காதே. கைலித் துணியின் கனத்துக்கு மெல்லிய சேலைத்துணி ஈடு கொடுக்காது. மெல்லியதற்கு லைனிங் கொடுத்துக் கனத்தைச் சமமாக்கு. மதுரைச் சுங்குடியின் பொட்டு சிறியது, கைலிக் கட்டம் பெரியது, இரண்டும் சேரும். பெரிய பூவும் பெரிய கட்டமும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும், நடுவில் ஒரு பிளெயின் துணி வை. எத்தனை துணி சேர்த்தாலும் ஒரே ஒரு நிறம் எல்லாவற்றிலும் ஓடட்டும். மூட்டில் கட்டம் நேருக்கு நேர் சேர வேண்டும். சேராதென்றால் கிராஸாக வெட்டிவிடு, வேண்டுமென்றே செய்தது என்று தெரியும்படி. உள்ளே பிசிறு தொங்காமல் ஓவர்லாக் அடி. ஆப்பிரிக்க அச்சைத் தேடி இணையத்தில் காசைக் கொட்டாதே. அவர்களிடமிருந்து எடுக்க வேண்டியது அந்தப் பிளேடின் தைரியம். துணி நம் சின்னாளபட்டியிலும் காரைக்குடியிலும் வேண்டிய மட்டும் இருக்கிறது.

கூலி சொல்லும்போது மட்டும் குரல் இறங்கக் கூடாது. "ஒட்டுப் போட்டதுதானே, கொஞ்சம் குறைச்சுக்க" என்பார்கள். "ஒட்டு இல்லக்கா, சேர்க்கை. நிறம் பார்த்து வெட்டவே எனக்கு அரை நாள் ஆச்சு" என்று முகத்தைப் பார்த்துச் சொல். போனால் போகட்டும். நாளைக்கு வேறொருத்தர் வருவார்.

முதலில் தைத்ததை விற்காதே. திங்கட்கிழமை நீயே போட்டுக்கொண்டு, ஜீப் நிற்கிற இடத்தைத் தாண்டித் தண்ணீர் எடுக்கப் போ. ரெண்டு பேர் சிரிப்பார்கள். "இதென்னடி கூத்து" என்று ஒரு கிழவி கேட்பாள். மூன்றாவதாக ஒருத்தி, தலையில் கைலிக் கட்டத்தோடு, ஜீப்பிலிருந்தே கையை நீட்டி உன் தோள்பட்டைத் தையலைத் தொட்டுப் பார்ப்பாள். "எனக்கு ஒண்ணு இதுமாதிரி." இஞ்ச் டேப் கழுத்தில்தானே கிடக்கிறது?