பிடி அரிசியும் பரோபகாரமும்

பிறருக்கு உபகாரம் செய்கிறவனுக்கு அதனால் ஓர் ஆனந்தம் உண்டாகிறதென்றால், அந்த ஆனந்தத்தை விரும்பியே அவன் உபகாரம் செய்தான் என்றுதானே கொள்ளவேண்டும், ஆகவே தருமம் என்று நாம் போற்றுவதெல்லாம் சுயநலத்தின் மற்றொரு வேஷமே என்று வாதிப்பவர்கள் எக்காலத்திலும் இருந்து வந்திருக்கிறார்கள். கேட்ட மாத்திரத்தில் மறுக்க முடியாதது போலத் தோன்றும் இந்த வாதம், பெரும்பாலும் பெரிய தானங்களையே கண்முன் வைத்துக்கொண்டு எழுவது. சத்திரம் கட்டி வாசலில் பெயர் பொறித்தவரையும், கோபுரத் திருப்பணிக்குப் பொன் கொடுத்துப் பரிவட்டம் பெற்றவரையும் பற்றி அப்படி ஒரு சந்தேகம் எழுவதில் வியப்பில்லை. ஆனால் யாரும் கவனியாத மூலையில், பெயரும் புகழும் ஒட்டிக்கொள்ள இடமில்லாத அளவுக்குச் சிறிதாகச் செய்யப்படும் உதவியை எடுத்து ஆராய்ந்தால், கொடுப்பவர் அடையும் பயன் எத்தகையது என்பதும், அது அவர் செயலை மாசுபடுத்துகிறதா என்பதும் தெளிவாக விளங்கும். நம் நாட்டுப் பிடி அரிசி வழக்கம் அத்தகைய ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது.

என் பாட்டியின் சமையலறையில் அடுப்பை ஒட்டி ஒரு மண் கலயம் இருந்தது. உழக்கால் அரிசியை அளந்து முறத்தில் கொட்டி, கல்லும் நெல்லும் பொறுக்கி, களைவதற்கு முன் அந்த முறத்திலிருந்தே ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் பாட்டி மேலே வேலையைப் பார்ப்பார். குதிரிலிருந்து தனியாக எடுத்துப் போடலாகாது என்பதில் அவருக்குக் கண்டிப்பு உண்டு. அளந்ததிலிருந்தே எடுக்க வேண்டும், அன்றைக்கு வீட்டார் உண்பதில் அந்த ஒரு பிடி குறைய வேண்டும். கலயம் நிறைந்ததும் மடத்து ஆள் வந்து துணிப்பையில் கவிழ்த்துக்கொண்டு போவார். அது எந்த அடுப்பில் வெந்தது, யார் வயிற்றில் விழுந்தது என்று பாட்டி ஒருநாளும் விசாரித்ததில்லை.

பெற்றவனின் முகத்தையே காணாதவருக்கு அவன் வாழ்த்தும் இல்லை, நன்றியும் இல்லை. ஆகவே வாதிகள் சொல்லும் அந்த ஆனந்தத்துக்கு இங்கே இடமே சொற்பம். கிடைப்பது வேறு. தன் வீட்டுப் பசிக்கு உலை வைக்கும் அதே வேளையில், தான் கண்டறியாத ஒருவனுக்கும் பசி உண்டு என்ற ஞாபகம் நாள்தோறும் கை வழியாகச் சித்தத்தில் இறங்குகிறது. ஆயுளில் ஒருமுறை ஆயிரம் பொன் கொடுத்தவனுக்குக் கொடுத்தேன் என்ற அகங்காரம் வளர ஏதுவுண்டு. தினம் ஒரு பிடி போடுகிறவளுக்கோ நேற்றுப் போட்டதே நினைவிராது. கைம்மாறு செய்ய இயலாதவனுக்கு, கொடுப்பது கடமை என்னும் எண்ணம் ஒன்றோடு கொடுப்பதைச் சாத்துவிக தானம் என்று கீதையின் 17-ஆம் அத்தியாயம் வகுக்கிறதே, அந்தப் பக்குவம் சாஸ்திரம் படியாத ஒரு கிருகிணிக்கு அரிசிப் பானையருகே சித்திக்கிறது. இந்தப் பயன் குறிவைத்துப் பெறக்கூடியதன்று. என் சித்தம் சுத்தமாகட்டும் என்று எண்ணியெண்ணி அரிசி போடுகிறவனுக்கு அந்த எண்ணமே தடையாக நிற்கும். சுயநலம் தேய்ந்த இடத்தில் மட்டுமே விளைகிற ஒரு லாபத்தைச் சுயநலம் என்று அழைப்பது நியாயமாகாது.

பெறுபவன் நிலை இதைவிடச் சிக்கலானது. இரப்பது துன்பம் என்பதை யாவரும் அறிவோம். இரக்கப்படுவதும், அதாவது ஒருவன் தன்முன் வந்து கையேந்தக் காண்பதும், அவன் முகம் மலரக் காணும் வரையில் துன்பமே என்று ஈகை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வதை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் நெகிழ்ந்துவிடும். கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே உள்ள கூச்சத்தை இருபுறமும் நின்று பார்த்த கருணை அது. கொடை பெரிதாகப் பெரிதாக வாங்குபவனின் தலை தாழ்வதையும், நாளடைவில் கொடுத்தவனைக் கண்டாலே அவன் ஒதுங்கிப் போவதையும் நாம் பார்க்கிறோம். பசி தீர்ந்தும் மானம் புண்படுமானால் அந்த உபகாரம் பாதி உபகாரந்தான்.

இதற்குப் பரிகாரம் கண்டவர்களில் காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளை முக்கியமாகச் சொல்லவேண்டும். வீடுதோறும் தினம் ஒரு பிடி அரிசியும் ஒரு காசும் எடுத்து வைத்து, அவற்றைத் திரட்டி, அந்தந்தப் பகுதிக் கோயிலில் சமைத்துச் சுவாமிக்கு நிவேதனம் செய்து, பிறகு ஏழைகளுக்கு வழங்கவேண்டும் என்பது அவருடைய திட்டம். நிவேதனம் என்ற ஒரு படியை நடுவில் வைத்ததில் உள்ள நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். நூறு வீட்டு அரிசி ஒரே பானையில் கலந்தபின் கொடுத்தவர் யார் என்று காட்ட வழியில்லை. தெய்வத்தின் முன் வைத்து எடுத்தபின் அது பிச்சைச் சோறும் அன்று, பிரசாதம். பிரசாதத்துக்குக் கை நீட்டுவதில் தனவானுக்கும் தரித்திரனுக்கும் என்ன வேற்றுமை?

ஒரு பிடி அரிசியால் தேசத்தின் தரித்திரம் தீர்ந்துவிடுமா என்று கேட்கலாம். தீராதுதான். பசிப்பிணியைப் போக்க நிலையான ஏற்பாடுகள் வேண்டும் என்பதை உணர்ந்தே வள்ளலார் 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. ஆயினும் ஏழ்மையில் பசியைத் தவிர வேறொரு கொடுமை உண்டு. எப்போதும் வாங்குகிறவனாகவே இருந்து, கொடுக்கிறவன் என்ற கௌரவத்தை ஒருநாளாவது அடையாமல் போவதே அது. பூதானம், கோதானம், சுவர்ணதானம் என்று அடுக்கியவர்கள் இவனை மறந்தார்கள். திருமூலர் மறக்கவில்லை. உண்ணும்போது பிறர்க்கு ஒரு கைப்பிடி என்று அவர் விதித்த அளவு எவனுக்கும் எட்டக்கூடியது. அதுவும் எட்டாதவனுக்கென்று இனிய சொல் ஒன்றையும் அவர் சேர்த்து வைத்தார்.

இவ்வழக்கத்தின் முழுச் சக்தியையும் விருதுநகரில் காணலாம். விருதுபட்டி என்று வழங்கிய காலத்தில் அவ்வூரில் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை, வீடுவீடாகத் திரட்டிய பிடி அரிசியையும் ஆதாரமாகக் கொண்டு நடந்த பள்ளி. அரிசி கொடுத்த வீட்டுப் பிள்ளைகளே அங்கே படித்தார்கள். கலயத்தில் போட்டவளே தன் மகனின் எழுத்தறிவாக அதைத் திரும்பப் பெற்றாள், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து. அங்கே படித்த சிறுவர்களில் ஒருவர், படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு மாமன் ஜவுளிக்கடையில் வேலைக்குப் போன காமராஜர். முதலமைச்சரானபின், 1956-இல், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்கும் ஏற்பாட்டை அவர் தொடங்கியபோது, கஜானாப் பணத்தோடு ஊராரின் கொடையையும் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொண்டார். கொடுத்த ஊராரில் அந்தப் பிள்ளைகளின் தகப்பனும் தாயும் இருந்தார்கள்.