சுபாவமும் தொழிலும்

மனிதன் செய்யும் தொழில் அவனுடைய சுபாவத்திலிருந்தே பிறக்கிறதா? கீதையின் 18ஆம் அத்தியாயம் நான்கு வருணத்தாரின் கருமங்களை, அவரவர் சுபாவத்தில் எழும் குணங்களைக் கொண்டு பிரிக்கிறது. வள்ளுவரோ 972ஆம் குறளில் பிறப்பை எல்லா உயிருக்கும் பொதுவாக்கிவிட்டு, சிறப்பைச் செய்தொழிலில் தேடுகிறார். நான் வள்ளுவர் பக்கம். பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கும் ஆணுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. பையனைச் சேர்க்க வரும் அப்பாக்கள் ஃபீஸ் பேசி முடித்ததும் குரலைத் தாழ்த்துவார்கள்: “மாஸ்டர், ஆடினா பையன் அந்த மாதிரி ஆயிட மாட்டானே?”

நடராஜரைக் கும்பிடுகிற வீட்டிலிருந்துதான் இந்தக் கேள்வி வருகிறது. இன்றைய கச்சேரி வரிசையான மார்க்கத்துக்கு ஒழுங்கு தந்த தஞ்சை நால்வரும் ஆண்கள். நட்டுவாங்கம் தலைமுறை தலைமுறையாக ஆண்கள் கையில் இருந்த வித்தை. இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் அப்பா சமாதானமாகிவிடுவார். நான் சொல்வதில்லை. சொன்னால், ஆண் ஆணை நேசிப்பது பயப்பட வேண்டிய காரியம்தான் என்று நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும். “யாரை நேசிக்கணும்னு அடவு சொல்லித்தராது சார். உங்க பையன் அப்படியே இருந்தாலும் அவனுக்கு இங்கே இடம் உண்டு” என்பேன். சிலர் மறுபடி வருவதில்லை.

“ஆனா இந்த லைன்ல அவங்கதானே அதிகம்?” என்று கேட்பவர்களும் உண்டு. மற்ற லைன்களில் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று முதலில் பார்க்க வேண்டாமா? அமெரிக்காவில் ஃபிராங்க் கேமனி, ஹார்வர்டில் வானியல் முனைவர் பட்டம் பெற்றவர். ஆணை நேசிப்பவர் என்பதற்காக 1957இல் ராணுவ வரைபடத் துறை அவரை வேலையிலிருந்து நீக்கியது. மத்திய அரசு வேலை எதிலும் சேரக் கூடாதென்று தடையும் விழுந்தது. இப்படி ஒவ்வொரு கதவாகச் சாத்திவிட்டு, திறந்திருந்த ஒன்றிரண்டில் வந்து சேர்ந்தவர்களைக் காட்டி ‘இதுதான் இவர்கள் சுபாவம்’ என்கிறோம். சாதி செய்த வேலையும் இதுதானே. சாதி தொழிலைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, தொழிலாளரையே பிரித்து வைக்கிறது என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார்.

2018 செப்டம்பர் 6 அன்று, ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் கொடுமையை உச்ச நீதிமன்றம் நீக்கிய வழக்குக்கு நவ்தேஜ் சிங் ஜோஹரின் பெயர்தான் நிலைத்தது. அவர் பரதநாட்டியக் கலைஞர். எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் அவரோடு சேர்ந்து மனு போட்டவர்களில் ஒரு பத்திரிகையாளரும் ஒரு சமையல் நிபுணரும் இருந்தார்கள். ஐஐடிகளில் படித்த 20 பேர் தனியாக மனு போட்டார்கள். அவர்களை யாரும் எடுத்துக்காட்டாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் லேத் பட்டறை நடத்துகிறார். ஆண்களை நேசிப்பவர். சலங்கை கட்டிய சிறுவனைத் துருவித் துருவிப் பார்க்கிற ஊர், கை நிறைய கிரீஸோடு நிற்கும் இவரைச் சந்தேகிப்பதே இல்லை. அதனால் வீட்டில் மும்முரமாகப் பெண் பார்க்கிறார்கள். மறுக்க அவர் சொல்லும் சாக்குகளும் தீர்ந்துகொண்டிருக்கின்றன. நாட்டியக்காரனுக்குத்தான் இது புரியும் என்று நினைத்து என்னிடம் வந்து பேசுகிறார். வரட்டும், கேட்கிறேன். ஆனால் அவர் இதைப் பேச வேண்டிய இடம் என் நாட்டியப் பள்ளி அல்ல. அடுத்த மெஷினில் நிற்கிறாரே, அவருடைய அண்ணன், அவரிடம்தான்.