நிவாரணம் யாருடைய கொடை?



கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு மக்கள் பிரதிநிதி தம் தொகுதி மக்களிடம் இரண்டு செய்திகளைக் கொண்டு வருகிறார். ஒன்று, இன்னின்னவற்றைச் செய்யாதீர்கள் என்னும் கட்டுப்பாடு. மற்றது, இன்னின்னவை உங்களுக்குக் கிடைக்கும் என்னும் உதவி. அவற்றை அவர் எந்த மனத்தோடு சொல்கிறார், நாம் எந்த மனத்தோடு கேட்கிறோம் என்பது வெறும் அரசியல் விடயமன்று. அது ஓர் ஒழுக்கப் பிரச்சினை. கொவிட் நோயின் கொடுமை தணிந்துவிட்டது. ஆயினும் வெள்ளமும் புயலும் பஞ்சமும் வரும்போதெல்லாம் இக்கேள்வியும் கூடவே வரும்.

நடந்ததைச் சற்று நினைத்துப் பார்ப்போம். 2020 மார்ச் 2ஆம் திகதி நம் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. அதே மாதம் 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஏப்ரல் 25இல் நடக்கவிருந்த பொதுத் தேர்தல் பிற்போடப்பட்டு, ஆகஸ்ட் 5ஆம் திகதி நடைபெற்றது. இந்த இடைக்காலத்திலேதான், வருமானம் இழந்த குடும்பங்களுக்கு 5,000 ரூபா உதவித்தொகை வழங்கப்பட்டது. நேற்றுவரை உறுப்பினர்களாயிருந்தவர்கள் அப்போது வேட்பாளர்கள். உதவியை அறிவிக்கும் வாயும் வாக்குக் கேட்கும் வாயும் ஒன்றாயின. சோதனை அங்கேதான் பிறந்தது.

அந்த 5,000 ரூபா யாருடைய பணம்? நம் நாட்டில் அரசு பெறும் வரியில் பெரும்பகுதி மறைமுக வரியே. சீனி வாங்கும்போதும் சவர்க்காரம் வாங்கும்போதும் கூலித் தொழிலாளியும் வரி கொடுக்கிறான். கடலுக்குப் போகிறவனும் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவளும் கொடுக்கிறார்கள். அரசு கடன்பட்டுக் கொடுத்தாலும் அக்கடனை அடைக்கப்போவது அவர்களுடைய பிள்ளைகளே. ஆகவே கிராம அலுவலர் கையில் கொடுத்த அந்தப் பணம் ஏழைக்கு எவரோ இட்ட பிச்சையன்று; அவனுடைய பங்கு அவனிடமே திரும்பி வந்தது.

தாராள குணத்துக்கும் நீதிக்கும் உள்ள வேற்றுமையைப் புனித தோமஸ் அக்குவினாஸ் தெளிவாகக் காட்டியிருக்கிறார். தாராள குணமுடையவன் தன்னுடையதைக் கொடுக்கிறான். நீதிமான் மற்றவனுக்கு உரியதை அவனுக்குக் கொடுக்கிறான். தம் சொந்தப் பணத்தில் அரிசியும் பருப்பும் வாங்கி அயலவர்க்குப் பங்கிட்டவர்கள் நம் ஊர்களில் பலர் இருந்தார்கள். அது தர்மம், போற்றத்தக்கது. ஆனால், பொதுப் பணத்தைத் தம் கொடைபோலக் காட்டுகிறவர் தர்மமும் செய்யவில்லை, நீதியும் செய்யவில்லை. பிறர் பொருளால் தமக்குப் புகழ் வாங்குகிறார்.

“பசித்தவனுக்குச் சோறுதான் முக்கியம்; யார் பெயரில் வந்தாலென்ன?” என்று சிலர் கேட்கலாம். பசித்தவன் முதலில் உண்ணட்டும். அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால், தனக்கு உரியதைப் பெற்றும் நன்றிக்கடன்பட்டவனாக ஒருவன் ஆக்கப்படும்போது என்ன நேர்கிறது? அவன் கேள்வி கேட்கும் உரிமையை இழக்கிறான். தன் பெயர் ஏன் பட்டியலில் இல்லை, அடுத்த வீட்டு விதவைக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்க அவனுக்கு நாவெழாது. சோறு கொடுத்து வாயை அடைப்பது உதவியாகுமா?

கட்டுப்பாட்டின் நிலையும் இத்தகையதே. சட்டம் என்பது என்ன என்று விளக்கும் அக்குவினாஸ் நான்கு இலக்கணங்களைக் கூறுகிறார். அது அறிவுக்கு ஒத்ததாக இருக்கவேண்டும், பொது நன்மைக்காக இருக்கவேண்டும், சமூகத்தைப் பேணும் பொறுப்புடையவரிடமிருந்து வரவேண்டும், மக்களுக்கு அறிவிக்கப்படவேண்டும். மக்களுக்கு விளங்காத மொழியில், காரணம் கூறாமல் விடுக்கப்படும் கட்டளை அவர்களை அடக்கலாம். மனச்சாட்சியோடு இணங்கச் செய்யாது.

காரணமில்லாக் கட்டுப்பாடு எவ்வளவு புண்படுத்தும் என்பதை நம் நாடு கண்டது. கொவிட் நோயால் இறந்தவர்களின் உடல்களை எரித்தே ஆகவேண்டும் என்று 2020 ஏப்ரலில் விதிக்கப்பட்டது. நல்லடக்கமும் செய்யலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இஸ்லாமிய சகோதரர்கள் அழுது மன்றாடினார்கள். 2021 பெப்ரவரி 10ஆம் திகதி, நல்லடக்கத்துக்கு இடமளிக்கப்படும் எனப் பிரதமர் மகிந்த ராஜபக்ச பாராளுமன்றத்தில் கூறினார். மறுநாளே, அது நிபுணர் குழுவின் தீர்மானத்தைப் பொறுத்தது என்று அரச தரப்பில் சொல்லப்பட்டது. அம்மாத இறுதியில்தான் அனுமதி வந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு நல்லதே. ஆனால், எரிந்த உடல் திரும்பி வருமா?

சொல்கிறவர் தாமும் அவ்விதிக்குக் கட்டுப்பட்டவர் என்பது இன்னொரு கடமை. பிரித்தானியப் பிரதமர் பொரிஸ் ஜோன்சன் தம் நாட்டு மக்களை வீட்டிலிருக்கச் சொன்னார். 2020 ஜூனில் தம் அலுவலகத்தில் நடந்த ஒன்றுகூடலில் பங்குபற்றியதற்காக 2022 ஏப்ரலில் தண்டம் செலுத்தினார். நியூசிலாந்திலோ, 2020 ஏப்ரலில் பிரதமர் ஜெசிந்தா ஆர்டனும் அமைச்சர்களும் தம் சம்பளத்தில் ஐந்திலொரு பங்கை ஆறு மாதங்களுக்குக் குறைத்துக்கொள்ள முன்வந்தார்கள். அத்தொகை நாட்டின் செலவில் ஒரு துளியே. ஆனால், சுமையை நாமும் தூக்குகிறோம் என்பதற்கு அது அடையாளம்.

மூன்றாவது கடமை உண்மை. நம் நாட்டில், 2020 டிசம்பரில் கேகாலையில் தயாரிக்கப்பட்ட ஒரு நாட்டுப் பாணியைச் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி பகிரங்கமாக அருந்தினார். கூட்டம் கூடவேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டிருந்த காலத்தில், அதைப் பெற ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அடுத்த மாதம் அமைச்சருக்கே தொற்று ஏற்பட்டது. நோயுற்றது குற்றமன்று. ஆனால், பதவியிலிருப்பவர் பொய்யான நம்பிக்கைக்குத் துணைபோனால், அவர் பின்னர் சொல்லும் மெய்யையும் மக்கள் நம்பார்.

ஆகவே, நல்ல பிரதிநிதியின் பேச்சு எப்படி இருக்கும்? இக்கட்டுப்பாடு ஏன் வந்தது, எப்போது மறுபரிசீலனை செய்யப்படும் என்பார். இத்தொகை அரசாங்கத் திறைசேரியிலிருந்து வருகிறது; இன்னார் தகுதியுடையவர்; விடுபட்டவர் இன்ன அலுவலரிடம் முறையிடலாம் என்பார். தெரியாததைத் தெரியாது என்பார். தம் கட்சிக்காரனையும் எதிர்க்கட்சிக்காரனையும் ஒரே வரிசையில் நிறுத்துவார்.

இனி நம் பங்கைப் பார்ப்போம். தலைவர்களைக் குறைகூறுவது எளிது. ஆனால், “நம்முடைய ஆளைப் பிடித்தால் நம் பெயரை முதலில் போடுவார்” என்று எண்ணி அவர் வாசலுக்குப் போகிறவர்கள் யார்? நம்மைப்போன்ற குடும்பங்கள் அல்லவா? தகுதியில்லாமல் நாம் பெறும் ஒவ்வொரு நிவாரணமும் தகுதியுள்ள ஒரு வீட்டின் அடுப்பை அணைக்கிறது. நமக்குச் சலுகை செய்கிறவரை நல்லவர் என்றும், நீதி செய்கிறவரை உதவாதவர் என்றும் நாம் சொல்லும்வரை, நமக்கு நீதிமான்கள் பிரதிநிதிகளாகக் கிடைப்பார்களா?

அடுத்த முறை பிரதேச செயலகத்தில் நிவாரணப் பட்டியல் ஒட்டப்படும்போது, நம் பெயரைத் தேடியபின் இன்னொரு பெயரையும் தேடுவோம்: நம் ஒழுங்கையிலே, கேட்க ஆளில்லாத அந்த வீட்டாரின் பெயரை. அது அங்கே இல்லையென்றால், அவர்களுக்காக நாம் போய்க் கேட்போம். கெஞ்சியல்ல, உரிமையோடு.