பி.பி. நம்பர்

அப்பாவின் போனில் ஒரு செட்டிங்கை மாற்றினேன். அவரிடம் சொல்லவில்லை. கான்டாக்ட் பட்டியலில் இல்லாத எண்ணிலிருந்து யார் கூப்பிட்டாலும் இனி மணி அடிக்காது, அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தைப் பற்றித்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

அதற்கு முந்தின வாரம் நடந்தது இது. அப்பாவுக்கு 72 வயது. தலைமையாசிரியராக ஓய்வு பெற்று, மன்னார்குடியில் அம்மாவோடு இருக்கிறார். காலை பத்து மணிக்கு ஓர் அழைப்பு. உங்கள் பெயரில் தைவானுக்குப் போன கூரியரில் போதை மாத்திரை இருந்தது, உங்கள் ஆதார் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, வாட்ஸப் வீடியோவுக்கு மாறியிருக்கிறது. காக்கிச் சட்டையில் ஒருவன், அவனுக்குப் பின்னால் தேசியக் கொடி. சுப்ரீம் கோர்ட் முத்திரையோடு ஒரு கடிதம். நீங்கள் 'டிஜிட்டல் அரெஸ்ட்'டில் இருக்கிறீர்கள், கேமராவை விட்டு நகரக் கூடாது, இது ரகசிய விசாரணை, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது. அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொன்னார். அதைப் பேப்பரில் படித்துவிட்டு எனக்கு விளக்கியவரே அப்பாதான். ஆனாலும் இரண்டே முக்கால் மணி நேரம் 'எஸ் சார்' சொல்லிக்கொண்டு அந்தக் கேமரா முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அம்மா எட்டிப் பார்த்தபோது கையை அசைத்து வெளியே போகச் சொல்லியிருக்கிறார். ஏதோ பென்ஷன் விஷயம் என்று அவளும் விட்டுவிட்டாள். ஃபிக்ஸட் டெபாசிட் ரசீது இருக்கும் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டபிறகுதான் கொல்லைப்பக்கம் போய் எனக்கு போன் செய்தாள். போனைப் பிடுங்கி அணைக்கச் சொன்னேன். நாற்பது வருஷத்தில் அப்பா கையிலிருந்து ஒரு பொருளை அவள் பிடுங்கியது அன்றைக்குத்தான். பணம் போகவில்லை. 1930 எண்ணில் புகார் கொடுத்தோம்.

அன்று மாலை அப்பா சொன்ன ஒன்றுதான் எனக்கு மறக்கவில்லை. "பேசிக்கிட்டு இருக்கும்போதே கட் பண்ணிட்டோமே தம்பி, மரியாதையா இருக்காதே."

சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் முதலில் போன் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான், 1994இல். விண்ணப்பித்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம். வந்த மறு மாதமே தெருவில் அச்சடித்த கல்யாணப் பத்திரிகைகளில் எல்லாம் எங்கள் நம்பர் இருந்தது, பக்கத்தில் 'பி.பி.' என்ற இரண்டெழுத்தோடு. போன் உங்களுடையது இல்லை, ஆனால் கூப்பிட்டால் கூப்பிட்டுவிடுவார்கள் என்று அதற்கு அர்த்தம். (இருபது வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறது.) நாலு வீடு தள்ளி இருந்த கமலாக்காவின் மகன் செல்வம் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். சனிக்கிழமை ராத்திரி கூப்பிடுவார். "பத்து நிமிஷம் கழிச்சு அடிக்கிறேன் சார், அம்மாவ வரச் சொல்லுங்க." நான் டவுசரோடு ஓடுவேன். கமலாக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாதி நேரம் அழுவார். அந்த நேரத்தில் அப்பா எங்களை எல்லாம் திண்ணைக்கு ஓட்டிவிடுவார். அந்த வீட்டில் மணி அடித்தால் எடுத்தே ஆக வேண்டும். யாருடைய உயிர்ச் சேதியோ அதில் இருக்கலாம். யார் என்று தெரியாத குரலிடம் "சொல்லுங்க, யார் வேணும்?" என்று கேட்பதுதான் முறை.

ஏமாந்தவர்களைப் பற்றிப் பேசும்போது 'பேராசை' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். லாட்டரி, இரட்டிப்புப் பணம் என்று வருகிற மோசடிகளுக்கு அது பொருந்தலாம். அப்பாவிடம் அவர்கள் ஆசையைத் தொடவே இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது, அதிகாரிக்கு ஒத்துழைப்பது, பேச்சை நடுவில் முறிக்காமலிருப்பது. அவர் வகுப்பில் முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒழுங்குகளைப் பிடித்துத்தான் உள்ளே வந்தார்கள்.

அந்தக் கோபத்தில்தான் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் தொற்றியது. என் போனுக்கு வரும் மோசடி அழைப்புகளை வெட்டாமல், பேசவிட்டு, கடைசியில் அவன் தாயை இழுத்துத் திட்டுவது. லோன், பிளாட் விற்கிற அழைப்புகளைச் சொல்லவில்லை. அவை தொல்லைதான், குற்றம் இல்லை. அதற்கு 1909இல் பதிவு செய்தால் ஓரளவு குறையும். மோசடிக்காரன் எந்தப் பதிவேட்டையும் பார்த்துவிட்டு அழைப்பதில்லை. ஆகவே திட்டினேன், மனசு குளிர்ந்தது.

பிறகு மியாவடி பற்றிப் படித்தேன். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போனவர்களை எல்லை தாண்டி மியான்மருக்குள் கடத்தி, கம்பிவேலிக்குள் வைத்து மோசடி வேலை செய்ய வைக்கிறார்கள். மறுத்தால் அடி. 2022இல் அங்கிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2023 அறிக்கை, மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்கிறது. நானும் பி.இ. முடித்து எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தவன்தான். பாங்காக்கில் வேலை என்று ஒரு மெயில் அப்போது வந்திருந்தால் போயிருப்பேன். யார் மனமறிந்து திருடுகிறான், யார் முதுகுக்குப் பின்னால் தடியோடு ஒருவன் நிற்கிறான் என்பது போனில் கேட்காது. திட்டுவதை நிறுத்தினேன். இதனால் அவர்கள் மேல் எனக்குக் கருணை பொங்கிவிட்டது என்று சொன்னால் பொய். இப்போது ஒன்றும் பேசாமல் வைத்துவிடுகிறேன்.

செட்டிங்குக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் வடிகட்டி எழுதும்போது இரண்டு வகைத் தப்பு உண்டு. கெட்டதை உள்ளே விடுவது ஒன்று. நல்லதை வெளியே நிறுத்துவது இன்னொன்று, 'ஃபால்ஸ் பாசிட்டிவ்' என்போம். எதை எவ்வளவு தாங்கலாம் என்று மீட்டிங்கில் உட்கார்ந்து முடிவு செய்வோம். அப்பாவுடைய போனில் அந்த மீட்டிங்கை நான் ஒருவனே நடத்தி முடித்திருந்தேன்.

நாலாவது மாதம் வீட்டுக்கு ஒரு காரியப் பத்திரிகை தபாலில் வந்தது. கமலாக்கா. திருச்சியில் மகள் வீட்டில் இறந்திருக்கிறார். அப்பா பதினாறாம் நாளுக்குப் போனார். செல்வம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கே நாலு தடவ அடிச்சேன் சார், நீங்க எடுக்கல" என்றிருக்கிறார். சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கி வாங்கிய புது சிம். போன் ரிப்பேர் என்று அப்பா சமாளித்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். "லிஸ்ட்ல பாத்தா கால் வந்தது எல்லாம் இருக்குடா. எனக்குத்தான் கேக்கல. கொஞ்ச நாளாவே இப்படித்தான் இருக்கு. காது போயிடுச்சுன்னு நெனைக்கிறேன், தஞ்சாவூர்ல ஒரு டாக்டர் பாக்கணும்."

நாலு மாதமாகத் தன் காதைச் சந்தேகித்துக்கொண்டு இருந்திருக்கிறார் மனுஷன்.

காண்ட் 1797இல் எழுதிய கட்டுரை ஒன்று பிரபலம். நண்பனைக் கொல்ல வந்தவன் வாசலில் நின்று, அவன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி. கல்லூரியில் அதைப் படித்து நண்பர்களோடு ராத்திரி முழுக்கக் கத்தியிருக்கிறேன். எங்கள் சண்டை எல்லாம் வாசலில் நிற்பவனிடம் பொய் சொல்லலாமா என்பதைப் பற்றியே இருந்தது. உள்ளே இருப்பவனிடம் சொல்லலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் ஏமாற்றியது உள்ளே இருந்தவரை. அந்தக் காக்கிச் சட்டைக்காரன் 'உங்கள் நல்லதுக்குத்தான், யாரிடமும் சொல்லாதீர்கள்' என்றான். நானும் அவர் நல்லதுக்குத்தான் செய்தேன், அவரிடமே சொல்லவில்லை. அவன் பணத்துக்காகச் செய்தான், நான் பாசத்தால் செய்தேன் என்பது பெரிய வித்தியாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் இருவர் கணக்கிலும் அவர் விவரம் தெரியாத கிழவர்.

சொன்னேன். அப்பா கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "டாக்டர் வேணாம்ல அப்ப?" என்றார்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது செட்டிங்கை அவரையே மாற்ற வைத்தேன். எடுப்பார், ஆனால் பெயர் சொல்ல மாட்டார், பணம் என்ற சொல் வந்தால் வைத்துவிடுவார் என்று அவராகவே விதிகள் போட்டுக்கொண்டார். குரலைக்கூட இப்போது போலியாகச் செய்கிறார்கள், நானே புது நம்பரில் கூப்பிட்டாலும் நமக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வி கேளுங்கள், பாதி சரியாகச் சொன்னாலும் நம்பாதீர்கள் என்றேன். தலையாட்டினார். என்ன கேள்வி என்று சொல்லவில்லை.

போன மாதம் திருச்சி பஸ் ஸ்டாண்டில் என் போன் செத்துவிட்டது. டீக்கடைக்காரர் போனை வாங்கி அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"அப்பா, நான்தான்."

"நம்ம பழைய வீட்டு போன் நம்பர் என்ன?"

ஆயிரம் பத்திரிகையில் அச்சான நம்பர். நடுவில் குழம்பிவிட்டது. ஏதோ சொன்னேன். வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. டீக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ராத்திரி வீட்டுக்குப் போய்க் கேட்டேன், மகன் குரல்கூடத் தெரியலையா என்று. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசி ரெண்டு நம்பர் மட்டுந்தான் சரி. அது பத்தாதுன்னு நீதான சொன்ன."